மீன் வாசனை ஏறிய கோட்டு

பதினெட்டு வருடத் தையல் வேலையில் அந்த வீட்டின் மூத்தவளுக்கு ஒரு துணிகூட வேண்டாமென்று திரும்பி வந்ததில்லை. தோள் இறக்கம், கை நீளம் என்று சின்னச் சின்னத் திருத்தத்துக்கு வந்திருக்கின்றன. அது தைக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மூச்சு வாங்கப் படியேறி வந்து, போன வாரம் வாங்கிப்போன சாம்பல் நிறக் கோட்டை மேசைமேல் வைத்தபோது, "எங்க பிடிக்குது, சொல்லுங்க" என்று கையில் ஊசியோடுதான் எழுந்தாள்.

"பிடிக்கவெல்லாம் இல்லம்மா. தையலைக் கண்ணுல ஒத்திக்கலாம்." தலைமையாசிரியை நெளிந்தாள். "இதைப் போட்டுக்கிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய் உக்காந்தேன். பக்கத்துல இருந்தவர் குனிஞ்சு, 'மேடம், இன்னைக்கு உங்க வீட்ல மீனா?'ன்னு கேட்டார். ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டும் போகல. நீங்களே ஏதாவது பண்ணிக் கொடுங்க."

மூத்தவளுக்குக் காது மடல்வரை சுட்டது. கோட்டை மோந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. உள்துணிக்குள் பூண்டும், எண்ணெயும், மீனும் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தன.

இரண்டாம் மாடி வாடகை வீடு அது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தை ஒட்டி ஒரு சமையலறை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து எடுத்தது. ஓர் அறை மூத்தவளுக்கும் அவள் கணவருக்கும். இன்னொன்று கொழுந்தனுக்கும் அவன் மனைவிக்கும். கூடம்தான் மூத்தவளின் தையல் கடை. ஓரகத்தி, அதாவது வீட்டின் இளையவள், ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல்காரி. விடிந்ததும் போய்விட்டு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அடுப்படி அவள் பொறுப்பு, துணிமணி மூத்தவள் பொறுப்பு என்று யாரும் உட்கார்ந்து பேசாமலே அமைந்துபோன ஏற்பாடு ஐந்து வருடமாக நன்றாகவே ஓடியது. ஒருத்தியை ஒருத்தி ஏறிட்டுப் பார்த்து முகம் சுளித்ததில்லை.

இந்த நான்கு மாதமாகத்தான் எல்லாம் கெட்டது. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து வீட்டில் நான்கு பேரையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கியதும் இளையவள் சமைத்த சமையல் இருக்கிறதே, அது தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு பல் பூண்டு போட்ட இடத்தில் இப்போது முழுப் பூண்டு. வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிக் கருக்கவிட்டாள். வாரத்தில் ஒரு நாள் வந்த மீன் நான்கு நாள் வந்தது. மீன் இல்லாத நாளில் கருவாடு. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்வதற்கு முன் மூக்கைப் பிடித்தார்.

மூத்தவள் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. சமையலறைக் கதவடியில் ஈரத்துண்டைச் செருகினாள். கிண்ணத்தில் வினிகர் ஊற்றிக் கூடத்து மூலைகளில் வைத்தாள்; ஒன்றைக் கொழுந்தன் தண்ணீர் என்று குடிக்கப் போனான். எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவிட்டாள். அன்று முழுவதும் வீட்டில் எலுமிச்சை போட்ட மீன் வாசனை அடித்தது. கடைசியில் கணவரை நச்சரித்து, சமையலறைச் சுவரின் ஓட்டையில் புகை வெளியேற்றும் விசிறி ஒன்றை மாட்ட வைத்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஸ்டூலில் ஏறிப் பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்டு, "இனிமே பாரு" என்றார். பார்த்தார்கள். அதற்கப்புறம் வாசனை முன்னைவிட வேகமாகக் கூடத்துக்கு வந்தது. விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார், அது வெளிக்காற்றை உள்ளே வாரி இறைக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இளையவளிடம் நேரில் சொல்ல மூத்தவளுக்கு நா எழவில்லை. ஜாடையாகச் சொன்னாள். "இன்னைக்குக் கொஞ்சம் காரம் தூக்கலோ?" என்றாள். "துணியெல்லாம் திறந்து கிடக்கு, பாத்துக்கம்மா" என்றாள். "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு அவள் மறுநாளும் அதையேதான் செய்தாள். வேண்டுமென்றே செய்கிறாளோ என்ற எண்ணம் மூத்தவளுக்குள் நுழைந்தது அப்போதுதான். நுழைந்த எண்ணம் வெளியே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "எனக்கும் பொறுத்துப் பொறுத்துப் போதும்னு ஆயிடுச்சுங்க. தனியா ஒரு வீடு பாருங்க."

இப்போது கோட்டே திரும்பி வந்துவிட்டது. தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு, துவைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்தித் திரும்பியபோது சமையலறையிலிருந்து வழக்கமான மீன் வாசனையோடு இன்னொன்றும் வந்தது. எரிகிற நாற்றம். நான்கு மாதக் கோபத்தோடு ஒரே தள்ளில் கதவைத் திறந்தாள்.

இளையவள் அடுப்பெதிரே நின்றிருந்தாள். வாணலிக்குமேல் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆவியை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தாள். அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, பக்கத்து அடுப்பின் ஓரத்தில் கிடந்த கைப்பிடித் துணி புகைந்து, நுனியில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதன் நாற்றம் மூத்தவளுக்குக் கண்ணில் நீரை வரவழைத்தது.

துணியைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்து குழாயைத் திறந்துவிட்டாள்.

"துணி எரியுது! பக்கத்துலயே நிக்கிற, உனக்குத் தெரியலையா?"

இளையவள் திடுக்கிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். "தெரியலக்கா" என்றாள். உதடு கோணியது. "எதுவுமே தெரியலக்கா. நாலு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியல."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். கோபம் கையில் பிடித்த பாத்திரம்போல அப்படியே நின்றது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவளைக் கூடத்துக்குக் கூட்டிவந்து தையல் மேசையருகே உட்கார வைத்தாள். முதலில் அழுகைதான் வந்தது, பேச்சு அப்புறம் வந்தது. காய்ச்சல் விட்ட அன்றே மூக்கு போய்விட்டது. சளி விட்டால் சரியாகும் என்று இருந்தாள். சளி போயிற்று, வாசனை வரவில்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மொட்டையாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் பஞ்சைத் தின்பதுபோல. கேன்டீனில் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். மூக்கில்லாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அங்கே பழக்கத்தில் சமாளித்தாள். வீட்டில்தான் சோதித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பூண்டு போட்டால் தெரியுமோ, கருகவிட்டால் தெரியுமோ, கருவாடு என்றால் தெரிந்துவிடுமோ...

"தினமும் வந்ததும் அடுப்பைப் பத்தவச்சு மோந்து பாக்குறதே வேலையா இருந்தேன். வீடே நாறுதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலாம்னுதான் ஞாயித்துக்கிழமை உங்க ரூமுக்கு வந்தேன். தனி வீடு பாக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லிட்டு இருந்தீங்க. மூக்குதான் போச்சு, காது போகலையே."

மூத்தவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேசையில் கிடந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தவள், "அது நான் சொன்னது தப்பு" என்றாள். "கேக்காம நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டேன். வா, முதல்ல டாக்டரைப் பாப்போம்."

மறுநாள் இருவரும் கிளம்பிப் போனார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். காய்ச்சல் நரம்பைக் கெடுத்திருக்கிறது, பலருக்குத் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகலாம் என்றார். மாறுபட்ட நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் நிதானமாக மோந்து பழகச் சொன்னார். "மூக்குக்கு எழுத்துப் பழக்கம் மாதிரி நினைச்சுக்கங்க" என்றார். வழியிலேயே எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், வாசனை சோப்பு என்று நான்கையும் மூத்தவள் வாங்கிவிட்டாள்.

"சரி, வீட்ல இதைப் பண்ணுவோம். கேன்டீன்ல?" என்றாள் பேருந்தில்.

"சமாளிச்சுப்பேன்கா."

"எதைச் சமாளிப்ப? நேத்து துணி எரிஞ்சதே தெரியல. அங்க கேஸ் கசிஞ்சா? உன்கூட எத்தனை பேர் நிக்கிறாங்க?"

இளையவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேலையை விட்டு எடுத்துட்டா?" என்றாள்.

"எடுத்தா எடுக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஆனா வெறுங்கையோட போய்ச் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் லீவு சொல்லு."

அந்த ஒரு வாரமும் மூத்தவள் மதியங்களில் தையலை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தாள். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டைப்போல ஒரு புது நோட்டு போட்டாள். "துணி நல்லா இருக்கான்னு நான் மோந்தா பாக்குறேன்? அளந்துதானே வெட்டுறேன். நீயும் அளந்து வெட்டு" என்றாள். இளையவள் சமைக்க, மூத்தவள் மோந்தும் ருசித்தும் "இன்னும் கால் கரண்டி", "போதும், நிறுத்து", "இப்ப இறக்கு" என்று சொல்ல, எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம், வெங்காயம் எந்த நிறம் என்று ஒவ்வொன்றும் நோட்டில் ஏறியது. மூக்கு செய்த வேலையைக் கண்ணும் கரண்டியும் கடிகாரமும் பங்குபோட்டுக்கொண்டன. நான்காம் நாள் வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் விசிறியின் குட்டும் வெளிப்பட்டது. பூண்டுத் தோல் ஒன்று விசிறிக்கு முன்னால் பறந்து நேரே கூடத்துக்கு வந்து கொழுந்தனின் தட்டில் விழுந்தது. அவன் சாமான் வண்டி ஓட்டுபவன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது கொஞ்சம் தெரியும். எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்த்தான்.

"அண்ணி, இது உள்ள ஊதுது!"

எல்லோரும் மூத்தவளின் கணவரைப் பார்த்தார்கள்.

"பத்து மாடிக்கு லிஃப்டை ஏத்தி இறக்குற மனுசன்," என்றாள் மூத்தவள், "ஒரு விசிறிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியல."

"அப்பவே சந்தேகப்பட்டேன்," என்றார் அவர், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். அன்றே ஸ்டூல் போட்டுத் திருப்பி மாட்டினார். பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்த சமையலறைச் சன்னலையும் தம்பி உளி வைத்து நெம்பித் திறந்தான். தைத்து முடித்த துணிகள் உறை போட்டுப் படுக்கையறை அலமாரிக்குப் போயின. மூன்று முறை துவைத்த சாம்பல் நிறக் கோட்டைத் தலைமையாசிரியை வந்து, வாசலிலேயே நின்று மூக்கருகே பிடித்துப் பார்த்து, சிரித்து, வாங்கிக்கொண்டு போனாள்.

லீவு முடிந்ததும் இளையவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேன்டீன் மேலாளர் முன் போய் நின்றாள். மூத்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தவளின் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, ஒரு குழப்பம்தான் இருந்தது.

"என்ன சொன்னார்?"

"மூக்கு போனதை மறைச்சதுக்குத் திட்டினார்கா, நல்லாவே திட்டினார். இனிமே அடுப்புகிட்ட நான் தனியா நிக்கக் கூடாதாம், கூட ஒரு ஆள் எப்பவும் இருக்கணுமாம். அப்புறம் நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, அதை மத்த சமையல்காரங்களுக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் லீவு போட்ட வாரம் சாப்பாடு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லன்னு ஆபீஸ்ல ஒரே புகாராம்."

"வேலை?"

"வேலைக்கு இன்னைக்கே வரச் சொல்லிட்டார். நான்தான் நாளைக்கு வரேன்னு சொன்னேன். இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்கா."

மூக்கு அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. காலையும் மாலையும் இருவரும் நான்கு கிண்ணங்களோடு உட்கார்ந்தார்கள். முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் எலுமிச்சை கொஞ்சம் தெரிவதுபோல இருந்து, மறுநாள் காணாமல் போயிற்று. காப்பித்தூள் எரிந்த ரப்பராக நாறியது. அதற்கே இளையவள் மகிழ்ந்தாள், பின்பு சோர்ந்துபோனாள். "விடுங்கக்கா, உங்களுக்கும் வேலை இருக்கு" என்று கிண்ணத்தைத் தள்ளிய நாட்களும் உண்டு. மூத்தவள் கிண்ணத்தைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்துவாள்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல மழை. மூத்தவள் கூடத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் அவளருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போயிருந்த கொழுந்தன் தொப்பலாக நனைந்து உள்ளே வந்து, வாசலோரம் நின்று ஒரு பூட்ஸைக் கழற்றினான்.

இளையவளின் கை நின்றது. மூக்கைச் சுளித்தாள். "சே, என்ன இது, செத்த எலி மாதிரி..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். கத்தி மடியில் நழுவியது. மூத்தவளின் ஊசியும் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்ன?"

"நாறுதுக்கா." குரல் உடைந்தது. "அக்கா, நிஜமாவே நாறுது!"

எழுந்து ஓடி, கணவன் கையிலிருந்த பூட்ஸைப் பிடுங்கி முகத்தருகே கொண்டுபோனாள். மூச்சை நன்றாக இழுத்தாள். குமட்டியது. சிரித்தாள். மறுபடி இழுத்தாள்.

"அண்ணி, இவளுக்கு என்ன ஆச்சு?" என்றான் கொழுந்தன், ஒரு காலில் சொட்டச் சொட்ட நின்றபடி. அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மூத்தவளின் கணவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"கொழுந்தனாரே, அந்த இன்னொரு பூட்ஸையும் கழட்டிக் கொடுங்க. கழுவிடாதீங்க, நாளைக்குக் காலைலயும் வேணும்."