ஆக்சிலேட்டரின் கீழ்ப்பாதி

அத்தான் அந்தக் காரை வாங்கியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பின்னால் பை வைக்க மட்டும் லாயக்கான இருக்கை. எல்லாரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று விளம்பரத்தில் போடுவார்களே, அந்த வகை. அக்கா அதில் முதல்முறை ஏறி இறங்கியதும், "இதுல போகணும்னா மனுஷன் முதல்ல நாலா மடியணும்" என்றாள்.

எனக்கு அந்தக் கார் மிகவும் பிடித்திருந்தது. என் தொழிலே இன்ஜினைத் திருத்தி அமைப்பதுதான். எத்தனையோ பெரிய வண்டிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் இது ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, நூற்றுப் பதினெட்டு குதிரைத்திறன். வளைவில் திருப்பினால் எடை எப்படி வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு நகர்கிறது என்பது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே தெரியும். டயர் பிடி விடப்போகிறது என்றால் அதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாக இளகிச் சொல்லிவிடும். முந்நூறு குதிரைத்திறன் வண்டிக்காரன் ஊருக்குள் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்த முடியாது. இதை வைத்திருப்பவன் இருப்பது முழுவதையும் தினமும் செலவழிக்கலாம். சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

அத்தான் அந்தக் கட்சியில் இல்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க இருட்டறையில் நின்று மற்றவர்கள் கண்ணைச் சோதிப்பவர். வெளியே வந்தால் பறக்க வேண்டும் என்று நினைத்தார்.

"நேத்து சிக்னல்ல எங்க கடை மேனேஜர் பக்கத்துல வந்து நின்னான் மச்சான். கரண்டு வண்டி. பின் சீட்ல கொழந்த வாயத் தொறந்து தூங்குது. பச்சை விழுந்ததும் போயிட்டான். கொழந்த முழிக்கக்கூட இல்ல."

"அது கரண்டு மோட்டார் அத்தான். நின்ன எடத்துலயே முழு இழுவையும் கெடைச்சிடும். உங்க இன்ஜின் சுத்தச் சுத்தத்தான் தரும்."

"சுத்துறதுக்குள்ள அவன் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டான். நீ எனக்கு டர்போ போட்டுக் குடு."

டர்போ என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினேன். வெளியேறும் புகையால் ஒரு சிறிய விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் வெப்பம். அந்த வெப்பத்தை இந்த பிஸ்டன் தாங்காது. பிஸ்டன் தாங்கினால் கிளட்ச் தாங்காது. எல்லாம் தாங்கினாலும் பிரேக் பழைய பிரேக்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பிரேக்கும் மாத்திடு" என்றார்.

அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. கண்ட பட்டறையில் டர்போ மாட்டி, மூன்றாம் மாதம் இன்ஜின் வெடித்து, அக்கா என்னிடம் வந்து நிற்பாள். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அதைச் செய்தேன். அப்படித்தான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் என் கட்சியை நிரூபிக்கும் ஆசையும் இருந்தது.

இப்போதைய கார்களில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. இவ்வளவு அழுத்தினால், காற்று உள்ளே போகும் வால்வை இவ்வளவு திற. பாதி அழுத்தினால் ஏறக்குறையப் பாதி திறக்கும். நான் அந்த அட்டவணையை மட்டும் மாற்றினேன். கால்வாசி அழுத்தினால் முக்கால்வாசி திறக்கும். பாதி அழுத்தினால் முழுவதும் திறந்துவிடும். அதற்குக் கீழே மிச்சமிருக்கும் பாதியில் ஒன்றுமே இல்லை.

குழாயைக் கால் திருப்பு திருப்பியதும் தண்ணீர் சீறி வந்தால் தொட்டி பெரிது என்று தோன்றும். தொட்டி அதே தொட்டிதான்.

பிறகு காற்று உறிஞ்சும் பெட்டியில் ஒரு துளை போட்டேன், சத்தத்துக்காக. டர்போ இல்லாமலே கம்ப்யூட்டரில் பவர் ஏற்றிவிட்டேன் என்று அத்தானிடம் சொல்லி, அவர் கண் முன்னாலேயே வண்டியை டைனோவில் ஏற்றினேன். டைனோ என்பது தரையில் பதித்த உருளை; சக்கரம் அதைச் சுழற்றும், அதிலிருந்து சக்தியைக் கணக்கிடலாம். காற்றழுத்தம் குறைந்த மலையில் இன்ஜின் மூச்சுத் திணறும் என்பதால், அதை ஈடுகட்டிக் கூட்டிக் காட்ட, அந்த இடத்தின் காற்றழுத்தத்தை நாமே கணக்கில் போட வேண்டும். நான் குறைத்துப் போட்டேன். வண்டி மலை உச்சியில் ஓடுவதாக நினைத்துக்கொண்ட இயந்திரம் நூற்று நாற்பத்தொன்று குதிரைத்திறன் என்று தாளில் அடித்துக் கொடுத்தது.

அத்தான் அந்தத் தாளை மடிக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தார். "இப்பத்தான் மச்சான் வண்டிக்கு உசுரு வந்திருக்கு. லேசாத் தொட்டாலே பாயுது. முழுசா மிதிக்க இன்னும் தைரியம் வரல." அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பார், ஒரு குதிரைகூடக் கூடவில்லை, மனிதர் பறக்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியனிடம் மட்டும் சொன்னேன். சட்டென்று எரிந்து போவதால் அவனுக்கு ஃபியூஸ் என்று பேர். அன்று அவன் எரியவில்லை, மெதுவாகத்தான் பேசினான்.

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா சந்தோஷம் போயிடும்டா."

"அண்ணே, வண்டியில எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஓட்டுறவருக்கு மட்டும் தெரியாது. இது எந்த ஊரு வேலை?"

"நீ ஒயரப் பாரு."

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஏறுமுகமான இருவழிச் சாலையில் கல் ஏற்றிய லாரி ஒன்றை அத்தான் முந்தப் போனார். எதிரே பேருந்து வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாள். அத்தானுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் நொறுங்கின.

அவர்களுடைய மகளுக்குப் பதினாறு வயது. எல்லாரும் குட்டி என்று கூப்பிடுவோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்தாள். என்னோடு பேசினாள், என் மனைவியோடு பேசினாள். அப்பாவோடு பேசவில்லை. மருத்துவமனைக்கு என்னோடு வருவாள். வார்டுக்கு வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். போகும்போது என்னோடு போவாள். "அம்மாவ அவருதான் கொன்னாரு" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

விபத்து நடந்த மூன்றாவது வாரம் இன்சூரன்ஸ் ஆய்வாளர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சொந்தக்காரர்கள் சிலர், நான் பவர் ஏற்றிக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துட்டேன் சார். கம்பெனி போட்டபடியே இருக்கு. நீங்க ஒண்ணும் பெருசா பண்ணலையே. பயப்படாதீங்க."

ஏர்பேக் பெட்டியில் விபத்துக்கு முந்தைய ஐந்து விநாடி பதிவாகியிருக்கும். அந்தத் தாளை அவர் மேசையில் வைத்தார். முதல் மூன்று விநாடி: ஆக்சிலேட்டர் ஐம்பத்திரண்டு சதவீதம், நாலாவது கியர், வேகம் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. நாலாவது விநாடி: ஆக்சிலேட்டர் நூறு. வேகம் எண்பத்தொன்று. ஐந்தாவதில் பிரேக்.

"முழுசா அழுத்தியும் வண்டி எழும்பல பாருங்க. சின்ன இன்ஜின். தப்புக் கணக்குப் போட்டுட்டாரு" என்று சொல்லி, என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நான் அந்தத் தாளின் நகலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஐம்பத்திரண்டிலிருந்து நூறுக்குப் போன அந்த நேரத்தில் வால்வு அசையவே இல்லை. அசைய இடமில்லை, ஏற்கெனவே திறந்திருந்தது. பழைய அட்டவணையாக இருந்திருந்தால், இந்த அளவு இழுவைக்கே கால் தரையைத் தொட்டிருக்கும். தரையைத் தொட்ட கால், போதாது, கியரைக் குறை, அல்லது லாரிக்குப் பின்னாலேயே இரு என்று சொல்லியிருக்கும். அவர் கியரைக் குறைக்கவில்லை. காலுக்குக் கீழே இன்னும் பாதி வண்டி இருக்கிறது என்று நம்பினார். அந்தப் பாதியை முதல்முறையாக அன்றுதான் மிதித்துக் கேட்டிருக்கிறார்.

தொழில்முறையில் நான் தப்பித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் தலையைத் தூக்காமல் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனேன். அத்தானின் கால் கம்பியில் தொங்கியது. நான் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்தார். தினமும் இதையேதான் சொல்வார்.

"நான் மிதிச்சேன் மச்சான். ஒண்ணுமே வரல. கால் வழுக்கிடுச்சா, கியர மறந்துட்டேனா, தெரியல. தப்பு பண்ணிட்டேன்."

"நீங்க தப்பு பண்ணல."

"ஆறுதலுக்குச் சொல்லாத."

"ஆறுதலுக்குச் சொல்லல." எனக்கு விளக்க மட்டும்தான் தெரியும். அதனால் விளக்கினேன். சென்சார், அட்டவணை, வால்வு, டைனோ. என் குரல் ஒர்க்‌ஷாப்பில் இருப்பதுபோலவே இருந்தது. நடுவில் ஓர் இடத்தில், கையை வைத்து வால்வு திறப்பதைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "அப்போ எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்திப் பதினெட்டு."

"வாங்கினப்போ இருந்த அதே நூத்திப் பதினெட்டா?"

"ஆமா."

அத்தான் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"உங்கக்கா சொன்னா" என்றார். "வண்டி முன்ன மாதிரியேதானே இருக்கு, என்னத்தப் பெருசா மாத்தினான் உங்க மச்சான்னு. ஒவ்வொரு தடவையும் சொன்னா. நான் அவளத் திட்டினேன். காருன்னா என்னன்னு உனக்குத் தெரியாதுன்னேன்."

அவள் காலடியில் ஆக்சிலேட்டர் இல்லை. இருக்கை முதுகைத் தள்ளுவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அது பொய் சொல்லவில்லை. இதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

"நானும் கடையில செய்வேன்" என்றார் அத்தான். "ஒரே லென்ஸ ரெண்டு தடவ மாட்டி, எது தெளிவுன்னு கேப்பேன். ரெண்டாவதுன்னு சொல்லுவாங்க. ஆனா அத வச்சு யாரையும் ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை.

"குட்டி வந்திருக்காளா?"

"வெளியில இருக்கா."

"கூப்பிடு. இப்ப என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு. என் முன்னாடி சொல்லணும். ஒண்ணு விடாம."

"அத்தான், அவ இப்போ எங்க வீட்டுல…"

"தெரியும். கூப்பிடு."

நடைபாதைக்கு வந்தேன். அவள் புத்தகத்தை மூடி எழுந்தாள். "கெளம்பலாமா மாமா?"

"இல்ல. உள்ள வா. ஒரு விஷயம் சொல்லணும்."

முகம் இறுகியது. "அவரு பேசச் சொன்னாரா?"

"பேசப் போறது நான்தான்."

நான் என்றதும் அந்த இறுக்கம் தளர்ந்தது. எப்போதும் தருவதுபோல் தன் புத்தகப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் வார்டுக்குள் நடந்தாள்.