வெர்டெல்லின் பாத்திரம்

எனக்கும் என் சர்ச் தோழி வெர்டெல்லுக்கும் ஒரே டாக்டர், ஒரே மாதத்தில், ஒரே நோயைச் சொன்னார்: பெண்குறியில் புற்றுநோய். இருவருக்கும் அறுவை முடிந்தது. அவளுடைய தொடையிடுக்கு நெறிக்கட்டிகள் சுத்தமாம். என்னுடையதில் இரண்டில் நோய் ஏறியிருந்தது. அவளைப் போன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள். என்னைப் போன்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

மார்பில் வந்திருந்தால் சர்ச்சில் பெயர் சொல்லி ஜெபித்திருப்பார்கள். இதற்கு யார் வாயைத் திறப்பார்கள்? ஊரைப் பொறுத்தவரை எங்கள் இருவருக்கும் 'இடுப்பில் ஏதோ'.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வெர்டெல் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுவந்தாள். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அவள் பெயர். எங்கள் ஊரில் ஒரு வாரத்துக்குள் கழுவித் திருப்பித் தராதவள் மனுஷியே இல்லை. நான் மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை. அவளுக்கு என்னிடமிருந்து ஒன்றும் போகக் கூடாது என்ற வீம்பு.

திங்கட்கிழமை ரேடியேஷன் தொடங்க வேண்டும். தொண்ணூறு மைல் தள்ளி ஃபார்கோ நகரத்தில், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். பாதிக்குப் பாதிதானே, எதற்கு அலைச்சல் என்று போகாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில் வெர்டெல் வாசலில் வந்து நின்றாள்.

"பாத்திரத்துக்குத்தானே வந்தே? எடுத்துட்டுப் போ."

"அது கெடக்கட்டும் ஆர்லிஸ். கோட்டைப் போடு, கார் ஓடிட்டிருக்கு."

"உனக்கென்ன, ஒம்போது பேர்ல ஒருத்தி. பெரிய மனசு காட்ட வந்துட்டே."

"அந்த ஒம்போதுல என்னைச் சேர்த்துவிட்டதே நீதானடி. சர்ச்ல பாத்திரம் தேய்க்கிறப்போ கீழ அரிக்குதுன்னு சொன்னேன். 'லூசு, க்ரீம் தடவிட்டிருக்காதே, நாளைக்கே போய்க் காட்டு'ன்னு கத்தினியே!"

அலமாரியிலிருந்து என் பழைய க்ரீம் ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு அப்பவே இருந்துச்சா?"

"உனக்கு முன்னாடியே. ரெண்டு வருஷமா க்ரீம் தடவிட்டிருந்தேன். டாக்டர் உனக்குச் சொன்னப்புறம்தான் பயந்து நானும் போனேன். வெக்கம்."

என் வாயிலிருந்து போன புத்தியை அவள் எடுத்துக்கொண்டாள், நான் நேரத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. அவளைக் காப்பாற்றிய என் சொல்லின் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெர்டெல் கோட்டை எடுத்து என்மேல் எறிந்தாள். "லூசு, கிளம்பு."

காரில் ஏறினேன். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"உன் பாத்திரம் இப்போதைக்கு வராது," என்றேன். "அஞ்சு வருஷம் கழிச்சு நானே கழுவிக் கொண்டாந்து தர்றேன்."

"தராமப் போனியோ, பாத்திரத்தைத் திருப்பித் தராதவன்னு ஊர் முழுக்கச் சொல்லிடுவேன்," என்றாள், சாலையைப் பார்த்தபடி.