மொட்டை மாடியில் நிக்காஹ் ஒத்திகை

என் அண்ணன் இத்ரீஸ் ஒரு குலை பன்னீர் திராட்சையை எனக்கு முறைப்படி வழங்கிக்கொண்டிருந்தான். அசர் தொழுகை முடிந்த சாயங்கால நேரம். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. முழங்காலும் முழங்காலும் முட்டுகிற நெருக்கத்தில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் வலது கை என் வலது கையைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. காய்ந்த தோசைக்கல்லைக்கூட ஒருவன் அதைவிட ஆசையாகப் பிடிப்பான். பார்வை மட்டும் என் தோளைத் தாண்டி மேற்கே மலையில் கிடந்தது.

"சேக் பரீத் மகன் இத்ரீஸ் ஆகிய நான், இந்தத் திராட்சையை, சேக் பரீத் மகன் ஹக்கீமாகிய உனக்குக் கொடுத்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றேன்.

உடனே கையை உருவிக் கைலியில் துடைத்துக்கொண்டான். திராட்சை என் மடிக்கு வந்தது. அந்த 2006ஆம் வருடத்தில், தங்கை சமீனாவை மாப்பிள்ளை ஜியாவுதீன் கையில் ஒப்படைக்க என் அண்ணன் பழகிக்கொண்டிருந்த விதம் இதுதான்.

எங்கள் அத்தா மௌத்தாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அத்தா இல்லாத வீட்டில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பு மூத்த அண்ணனுக்கு. சபை நடுவில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்கில், என் தங்கையை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் உலகத்தில் இத்ரீஸுக்கு ஆகாதவை எல்லாம் சொல்லிவைத்ததுபோல் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. கூட்டம், ஒலிபெருக்கி, அத்தர் வாசனை, அடுத்தவன் உள்ளங்கை.

முதலில் நானே மாப்பிள்ளையாக நடித்தேன். கல்லூரி ஆண்டு விழாக்களில் நாடகம் எழுதி, நானே நடித்து, முதல்வர் அறைக்கு இருமுறை அழைக்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. தொப்பி போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, கையை நீட்டினேன்.

"நீ ஜியாவுதீன் இல்லயே" என்றான் அண்ணன்.

"ஒத்திகைண்ணே. என்னைய ஜியாவுதீன்னு நெனச்சுக்க."

"நீ ஹக்கீமு. உனக்கு சமீனாவக் குடுக்க முடியாது. ஹராம்."

என் நடிப்பை முதல்வர்கூட இவ்வளவு சுருக்கமாக விமர்சித்ததில்லை. துணி காயப்போட வந்த சமீனாதான் வழி சொன்னாள். "பொய்யச் சொல்லுன்னா அவன் எப்பிடிறா சொல்லுவான்? நெசமாவே எதையாச்சும் குடுக்கச் சொல்லு." அப்படித்தான் என் பேனாவில் ஆரம்பித்து, வாழைப்பழம், குடை, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வீட்டின் அசையும் சொத்துகள் தினம் ஒன்றாக எனக்கு வந்து சேர்ந்தன. திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டான். "குடுத்தாச்சு" என்பான். மழை வந்தால் அம்மா என்னிடம் குடை கேட்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்ணிடம் முதலில் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் சபைக்கு வர வேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆகவே எந்தப் பொருளானாலும் அதற்கு உரியவரின் சம்மதம் தேவைப்பட்டது. மீன் அலசிக்கொண்டிருக்கும் அம்மா முன்னால் போய் நிற்பான். "வாழப்பழத்த ஹக்கீமுக்குக் குடுக்கச் சம்மதமா?" அம்மா தலையை ஆட்டினால் போதாது. "எடுத்துட்டுப் போயேம்லே" என்றாலும் போதாது. "சம்மதம்டா என் ராசா, சம்மதம்!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்திய பிறகே வாழைப்பழம் மாடி ஏறும்.

அண்ணன் சின்ன வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டானாம். காது கேட்கவில்லை என்று தேனிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் மணி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் நர்ஸ் பிஸ்கட் பொட்டலம் பிரித்த சத்தத்துக்கு எழுந்து போய்விட்டானாம். பிறகு ஜின் என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள், கயிறு அரிக்கிறது என்று அவிழ்த்துக் கிணற்றில் போட்டான். பள்ளிக்கூடத்தில் அதற்குத் திமிர் என்று பெயர். அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது, 98இல், மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் ஆட்டிசம் என்று சொல்லி, இது நோய் இல்லை, பிறந்த விதம் என்று விளக்கியிருக்கிறார். பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது அத்தா அம்மாவிடம் சொன்னாராம்: "நோய் இல்லியாம் ஜெய்த்தூன். அவன் அப்படித்தானாம்." ஆட்டிசம் என்ற சொல் டாக்டர் சீட்டோடு பீரோவுக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதற்கு 'அப்படித்தான்' என்றே பெயர்.

வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். ராயப்பன்பட்டி ரோட்டில் சுருளியாண்டி அண்ணாச்சியின் திராட்சை ஷெட்டில் பெட்டி அடுக்குவது. எல்லாக் காம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து மறுபடி அடுக்குவான். கம்பம் பள்ளத்தாக்கிலேயே மிக மெதுவாகப் பெட்டி அடுக்குகிற ஆள் அவன்தான். "இவுக அடுக்கி முடிச்சு கேரளாக்காரன் தெறந்து பாக்கையில கிஸ்மிஸா ஆயிருக்கும்" என்பார் அண்ணாச்சி. ஆனாலும் நிறுத்தவில்லை. ஏன் என்றால், "வம்பு பேசாத ஆளு ஷெட்டுக்கு ஒருத்தராச்சும் வேணும்ல" என்பார்.

குழப்பம் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்தது. கம்பத்திலிருந்து ஜியாவுதீன் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றான். மாப்பிள்ளையின் அம்மா சலாம் சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னான். பிரியாணியைத் தொடவில்லை, வெறும் இடியாப்பம். அத்தர் பாட்டில் சுற்றி வந்ததும் எழுந்து போய்விட்டான். மாப்பிள்ளையின் அம்மா என் சின்னத்தாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மார்க்கத்துல ரொம்பப் பேணுதலானவுகளோ?"

அத்தாவின் தம்பியான மீரான் சின்னத்தா ஏலக்காய் வியாபாரி. வாங்க வந்தவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் அதை இரண்டாம் தரமென்று திருத்துகிற பழக்கம் அவருக்கில்லை. "ஆமாத்தா. அந்நியப் பொம்பளையக் கண்ணெடுத்துப் பாக்க மாட்டாக. சாப்பாட்டுல ருசி தேட மாட்டாக."

"ஓதுனவுகளா?"

"இதெல்லாம் ஓதியா வரும்?"

ஒரு வாரத்தில் கம்பம் முழுக்க அண்ணன் மகானாகிவிட்டான். ஓர் அம்மா அவனிடம் ஓதி ஊதி வாங்கிப் போகலாமென்று பஸ் ஏறித் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். பாட்டிலை அவன் முன்னால் நீட்டினார். அவன், "எனக்குத் தாகம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நோன்பு வைத்திருக்கிறார் போல என்று அந்தம்மா கண்கலங்கிப் போனார்.

நிக்காஹ் நெருங்க நெருங்க சின்னத்தாவுக்கு ஏலக்காயில் பூச்சி விழுந்த முகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சபையில மைக்கப் பாத்துட்டு எந்திரிச்சு ஓடுனான்னா என்னாகும்? அவன் எடத்துல நீ நில்லுலே ஹக்கீமு." ஹஜ்ரத்திடமும் போய்க் கேட்டார். மூத்தவர் இருக்கையில் இளையவர் நிற்பது நம்மூர் வழக்கமில்லையே, நின்றால் சபையில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் அவர். என்ன காரணம் சொல்வது? கம்பத்தில் மகானாக இருக்கிறவனை உத்தமபாளையத்தில் பைத்தியமாக்க முடியாது. நடுவில் இருப்பது ஒரு டவுன் பஸ் தூரம். அப்படியும் சின்னத்தா, "காய்ச்சல்னு சொல்லிரலாம்" என்று ஆரம்பித்தபோது சமீனா உள்ளேயிருந்து வந்தாள்.

"எங்க அண்ணன் குடுத்தா நிக்காஹ். இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"அவனுக்கு ஆகாதுன்னுதானாத்தா சொல்றேன்."

"ஆகலன்னா அவன் சொல்லுவான். அவனுக்கு மட்டும்தான் இந்த வீட்ல அது வரும்."

ஆகவே மாடியில் ஒத்திகை தொடர்ந்தது. நிக்காஹ் நாள் காலையில், கடைசி ஒத்திகையாக, சின்னத்தாவின் கைக்கடிகாரத்தை அவர் சம்மதத்தின் பேரிலேயே நான் ஏற்றுக்கொண்டேன். அவருக்கு நிலைமை முழுதாகப் புரிவதற்குள் அது என் மணிக்கட்டில் இருந்தது.

சபை பள்ளிவாசலில். பெண்கள் எங்கள் வீட்டில். சம்மதம் கேட்க அண்ணனும், சாட்சிகளாகச் சின்னத்தாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். அறை முழுக்க மல்லிகைப்பூவும் பட்டுச்சேலைச் சரசரப்பும். அண்ணன் வாசலில் ஒரு நொடி இரண்டு காதையும் பொத்தினான், பிறகு கைகளைக் கீழே போட்டான். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு வழிவிட்டார்கள். சமீனா கட்டிலில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே இருந்தார்.

பெயர்களையும் மாப்பிள்ளை தரும் மஹர் தொகையையும் பிசகாமல் சொல்லிவிட்டு அண்ணன் கேட்டான். "உன்னைய ஜியாவுதீனுக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?"

சமீனா பேசவில்லை. பேசக் கூடாது. எங்கள் பக்கம் மணப்பெண் குனிந்த தலையோடு மௌனமாக இருப்பாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினால் கூடுதல் சிறப்பு. சுற்றியிருக்கும் பெண்கள் அதைச் சம்மதமாக மொழிபெயர்த்துச் சாட்சிகளிடம் கொடுத்துவிடுவார்கள். வாய்விட்டுச் சொன்னவளை, அவள் பேத்தி கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"சம்மதம்தான், போங்க" என்று ஒரு குரல் வந்தது.

"அவ சொல்லல" என்றான் அண்ணன்.

"பேசாம இருந்தா சம்மதம்னுதான் தம்பி அர்த்தம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மகானுக்கே மார்க்கச் சட்டம் சொல்கிற தயக்கத்தோடு.

"அவ சொல்லல. சம்மதமா?"

"ஏலே, வா. அங்கன ஹஜ்ரத் காத்திருக்காக" என்று சின்னத்தா அவன் முழங்கையைப் பிடித்தார். அண்ணன் உதறினான். அவன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது, மோட்டார் தண்ணீர் இழுக்காமல் ஓடுகிற மாதிரி, ஒரே சீராக. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதற்கடுத்து அவன் ஓடுவான், அல்லது சுவரில் தலையை முட்டுவான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னத்தா என்னைப் பார்த்தார். நீ கேளு என்று கண்ணைக் காட்டினார். கேட்டிருந்தால் காரியம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அவருடைய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சமீனா தலையை நிமிர்த்தினாள். மையெல்லாம் கரைந்திருந்தது.

"உனக்குச் சம்மதமாண்ணே?"

முனகல் நின்றது. இத்தனை நாளில் அதை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் அவன் கையால் ஏற்றுக்கொண்ட எனக்கும் தோன்றவில்லை. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பார்த்து யோசித்தான். அவசரப்படாமல், காம்பு எந்தப் பக்கம் என்று பார்க்கிற மாதிரி.

"இல்ல" என்றான்.

சின்னத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ கம்பத்துக்குப் போயிருவ. சாயந்தரம் டீ நீதான் போடுவ. அம்மா போட்டா சீனி கூட. ஆனா ஹஜ்ரத் என்ட்ட கேக்கச் சொல்லல. உன்ட்டதான் கேக்கச் சொன்னாக. சம்மதமா?"

சமீனாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைப் பட்டுமுந்தானையிலேயே துடைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, அம்மா வாழைப்பழத்துக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "சம்மதம்!"

அண்ணன் திரும்பி நடந்தான். அவனுக்கு வேலை முடிந்தது. வாசலைத் தாண்டும்போது பின்னால் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

"இவுக... எப்பவுமே இப்படித்தானா?"

சின்னத்தா அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா சொல்லிவிட்டார். "அப்படித்தான்."

பள்ளிவாசலில் கூட்டம் கதவு வரை இருந்தது. அண்ணன் மாப்பிள்ளைக்கு எதிரே போய், மாடியில் உட்கார்ந்ததைப் போலவே உட்கார்ந்தான். மைக் ஒருமுறை வீறிட்டது. அவன் தோள்கள் காதுவரை ஏறி, மெல்ல இறங்கின. ஜியாவுதீன் கையை நீட்டுவதற்கு முன் குனிந்து அவனிடம் மட்டும் சொன்னது, மைக்கின் புண்ணியத்தில் ஊருக்கே கேட்டது. "அத்தர் போடல மச்சான். சமீனா சொல்லிருச்சு."

சின்னத்தா என் பக்கம் திரும்பினார். இந்தப் பையனுக்கு எப்போதிருந்து தெரியும் என்று அவர் முகம் கேட்டது. அந்த வீட்டுக்குப் போன செல்போன் அழைப்புகளின் வரலாறு எனக்கும் தெரியாது.

அண்ணன் கையைப் பிடித்தான். ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளையின் தோளைத் தாண்டி மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு சொல் தடுக்காமல் சொன்னான். கொடுத்தேன். ஜியாவுதீன், ஏற்றுக்கொண்டேன் என்றான். ஒத்திகையில் அண்ணன் கையை உருவிக் கைலியில் துடைக்கும் இடம் இது. புது வேட்டி கறையாகுமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் விடவில்லை.

ஹஜ்ரத் ஒரு கணம் பார்த்தார். பிறகு துஆவுக்குக் கைகளை உயர்த்தினார். சபை முழுக்க எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார்கள். ஜியாவுதீன் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான், இழுக்கவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினான். அண்ணனும் இடது கையை உயர்த்தினான். ஆமீன், ஆமீன் என்று கூட்டம் சொல்லச் சொல்ல, அத்தனை ஜோடிக் கைகளுக்கு நடுவில் ஒற்றைக் கைகள் இரண்டு ஏந்தியிருந்தன. கீழே, வெள்ளை விரிப்பின் மேல், மற்ற இரண்டும் வியர்த்துப்போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.