தபால்பெட்டி எழுத்துகள்

1979 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை, டென்னசி மாநிலம் கார்த்தேஜ் ஊருக்குக் கீழே கம்பர்லாந்து ஆற்றிலிருந்து பச்சை நிற டிரக் ஒன்று வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே ஆள் இல்லை. கிட்டாரும் இல்லை.

டிரக் டார்சி டாக்கெட் என்பவனுடையது. நடனக் கூடங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன். கிட்டாரை விட்டுவிட்டு அவன் கக்கூஸுக்குக்கூடப் போனதில்லை என்பாள் அவனுடைய அக்கா வெர்னா. கிட்டார் வண்டியில் இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு கரையேறியிருக்கிறான், எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பினாள். பதினேழு வருடங்களாகத் தொலைபேசி எண்ணை மாற்றவில்லை. நாக்ஸ்வில்லுக்கு வந்துவிடும்படி மகள் கூப்பிட்டும் அந்த எண்ணுக்காகவே போகவில்லை.

டார்சியுடையது 1963-இல் செய்தது. அதே வகைக் கிட்டார் எங்கே விற்பனைக்கு வந்தாலும் வெர்னா என்னை அழைத்துக்கொண்டு போவாள். நான் நாஷ்வில்லில் பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பவன். வாங்குபவர்களுக்காக மதிப்பிட்டும் சொல்வேன். 1996 செப்டம்பரில், கார்த்தேஜிலிருந்து ஆற்றோடு கீழே போனால் வரும் ஹார்ட்ஸ்வில்லில், நாங்கள் பார்க்கப் போனது பதினோராவது.

விற்பவர் ஹார்லன் ப்ரூயிட், சமையலறை மேசையில் துண்டு விரித்து அதைக் கிடத்தியிருந்தார்.

"எங்க அத்தை கட்டிலுக்கு அடியிலயே கெடந்துச்சு," என்றார். "வாங்குன நாள்லேர்ந்து ஒரு கை படல."

"இந்த மாநிலத்துல எல்லாக் கிட்டாரும் கட்டிலுக்கு அடியிலதாங்க கெடக்கு," என்றேன். "தரையில கால் வைக்கவே எடம் இல்ல."

அவர் சிரித்தார். "நாலாயிரம் டாலர். பேரம் பேசாதீங்க."

கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. கழுத்தை உடலோடு பிணைக்கும் தகடு பழையது. அதிலிருந்த நான்கு திருகாணிகளும் புத்தம் புதியவை.

"அத்தைக்குத் திருகாணி மாத்துற பழக்கம் உண்டோ?"

ஹார்லன் ஐஸ் டீயைக் குடித்தார்.

உடல் கண்ணாடிபோல மின்னியது. இயந்திரம் வைத்து மெருகேற்றியிருந்தார். பளபளப்புக்கு விலை கூடும் என்று நினைத்துச் செய்வார்கள். பாதி விலை அதிலேயே போய்விடும். டார்சியின் கிட்டாருக்கு ஓர் அடையாளம் இருந்தது. கன்ட்ரி இசைக்காரர்கள் பலரையும் போல, தபால்பெட்டியில் ஒட்டும் எழுத்துகளை ஹார்டுவேர் கடையில் வாங்கித் தன் பெயரை அதில் ஒட்டியிருந்தான். இதில் எழுத்து எதுவும் இல்லை.

"திரையை இழுத்துவிடலாமா?" என்று கேட்டுவிட்டு, கொண்டுபோயிருந்த புற ஊதா விளக்கைப் போட்டேன். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். வெயிலும் சிகரெட் புகையும் படாத இடம் அவ்வளவாக ஒளிராது. விளக்கை மெதுவாக நகர்த்தினேன். ஒளிக்கு நடுவே ஐந்து ஆங்கில எழுத்துகள் கருப்பாக எழுந்து வந்தன. டார்சி.

வெர்னா அழவில்லை. அவள் முகம் மலர்ந்ததை அந்த ஊதா வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

"யார் வித்தா உங்ககிட்ட? எந்த ஊர்ல? ஆள் எப்படி இருந்தான்?"

ஹார்லன் எழுந்துபோய்த் திரையை விலக்கினார். என் வேலை முடியவில்லை என்பதால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் பொருத்திய தகட்டைக் கழற்றினேன். கம்பிகளைப் பற்றவைத்த ஈயம் மங்கியிருந்தது; யாரும் தொட்டதில்லை. தகட்டுக்குக் கீழிருந்த குழியின் சுவரில், குளியல் தொட்டியில் படிவதுபோல, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு சுற்றி ஓடியது. அடியில் அதே நிறத்தில் மாவு மாதிரி வண்டல்.

தகட்டைத் திரும்ப மூடப் போனேன்.

"என்ன ராய்ஸ்?"

"ஒண்ணுமில்ல. தூசு."

"பத்து கிட்டார் பார்த்திருக்கேன் உங்ககூட. தூசைப் பார்த்து உங்க கை நின்னதில்ல."

அவள் விரலை உள்ளே விட்டு வண்டலை எடுத்தாள். நாக்கில் ஈரமாக்கித் தேய்த்து முகர்ந்தாள். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அத்தையெல்லாம் இல்லங்க," என்றார் ஹார்லன். குரல் இறங்கியிருந்தது. "எங்கப்பா மீன் தூண்டில் பார்க்கப் போனப்ப கெடச்சுது. வேரோட சாஞ்ச மரம் ஒண்ணு, அதுல கிட்டார்ப் பெட்டி சிக்கியிருந்துச்சு. கார்த்தேஜ்ல ஆத்துலேர்ந்து அந்த வண்டிய வெளிய எடுத்து ஒரு வாரம் இருக்கும். பேரைச் சுரண்டினதும் அவர்தான்."

"பெட்டி மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு. கைப்பிடியில ஒரு பெல்ட் இருந்துச்சு மேடம். ஆம்பிளைங்க இடுப்புல கட்டுற பெல்ட். பெட்டியைக் கையோட சேர்த்துக் கட்டிக்கிட்ட மாதிரி, நல்லா இறுக்கி பக்கிள் போட்டிருந்துச்சு. அப்பா அதைக் கழட்டி ஆத்துலயே போட்டுட்டார். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் அவர் தூண்டில் போடல."

சமையலறையில் குளிர்ப்பெட்டி ஓடி நின்றது. வெர்னா கிட்டாரின் கழுத்தைப் பிடித்தாள். வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்த இடங்களில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அதை விட்டுட்டுப் போறவன் இல்ல," என்றாள்.

வழக்கமாக அவள் சொல்வதுதான்.

ஹார்லன் பணம் வாங்கவில்லை. பெட்டி எப்போதோ மக்கிப்போயிருந்தது. துண்டில் சுற்றித் தந்ததை நாஷ்வில் வரும்வரை மடியில் வைத்திருந்தாள். வழியில் அதே ஆற்றின் மேல் போகும் ஓல்ட் ஹிக்கரி பாலத்தைத் தாண்டும்போது நான் வேகத்தைக் குறைத்தேன். ஏன் என்று தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

நவம்பரில் வெர்னா மகளோடு இருக்க நாக்ஸ்வில் போனாள். பழைய எண் இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது.