மாயக்காளுக்கு ஒரு போட்டோ

எங்கள் வீட்டில் எனக்கு எது வாங்கினாலும் அத்தைக்கும் ஒன்று வாங்க வேண்டும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை மாயக்காள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பன்னிரண்டாவது முடித்த வருடம், மஞ்சள்காமாலையில் செத்துப்போனவள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுக்கன்னி என்று எங்கள் பக்கம் கும்பிடுவார்கள். முன்னறைக் கொக்கியில் ஒரு ஓலைப்பெட்டி தொங்குகிறது. அவள் இருப்பது அதில்தான். உள்ளே பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், சீப்பு, சாந்துப்பொட்டு எல்லாம் இருக்கும்.

அம்மா சங்கிலியம்மாள் இந்தப் பங்கு விஷயத்தில் படு கறார். எனக்குத் தீபாவளிக்குச் சுடிதார் என்றால் பெட்டிக்கு ஒரு ரவிக்கைத் துணி. நான் காலேஜில் சேர்ந்தபோது ஒரு பேனா. கொரோனா வந்தபோது ஒரு மாஸ்க். எனக்கு முதல் செல்போன் வாங்கிய அன்று, எங்கேயோ தேடிப்பிடித்து, உயிரில்லாத ஒரு பட்டன் போனை உள்ளே வைத்தாள். "சார்ஜர் யாரும்மா குடுப்பா?" என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பெட்டிக்குள் வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

நான் சொர்ணலதா. சுருளிப்பட்டியில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் திராட்சை நோய்களைப் பற்றி பிஎச்.டி. செய்ய அந்த நாட்டு அரசாங்கத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பாடு. கிடைக்காவிட்டால் ஆவணியில் எனக்கும் மாமா மகன் சுரேஷ்கண்ணனுக்கும் கல்யாணம். அவனுக்குக் குமுளியில் ஏலக்காய் வியாபாரம். நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குப் பேச்சு வராது, எனக்குப் பேச்சு நிற்காது. "ஒரே ஒரு தடவ எழுதிப் பாரு, அப்புறம் நாங்க சொல்றதக் கேளு" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு இருந்தது அந்த ஒரு தடவைதான்.

போட்டோ எடுக்கக் கம்பத்தில் கலீல் ரஹ்மான் பாயின் ஸ்டுடியோவுக்குப் போனேன். வெள்ளைத் திரை, காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. "சிரிக்காதம்மா, சீனாக்காரன் ஒத்துக்க மாட்டான்" என்றார் பாய். எனக்கு அதைக் கேட்டே சிரிப்பு வந்துவிட்டது. நாலைந்து முறை எடுத்த பிறகுதான் ஒரு படம் தேறியது.

முதல் கோளாறு எக்ஸ்ரே எடுக்கும்போது வந்தது. விண்ணப்பத்தோடு உடம்புப் பரிசோதனைச் சான்றிதழும் வைக்க வேண்டும். தேனியில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டெக்னீசியன் பெண் ஜெனிபர் குரல் கொடுத்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க. கூட நிக்கிற பிள்ளைய வெளிய போகச் சொல்லுங்க, கதிர் படும்."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "நான் தனியாத்தான வந்தேன்" என்றேன். ஜெனிபர் உள்ளே வந்து மேசைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். "உங்க தங்கச்சின்னு நெனச்சேன்க்கா. உங்கள மாதிரியேதான் இருந்துச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்ப் படத்தை எடுத்தாள். காலையிலிருந்து சாப்பிடாமல் வேலை பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்காகப் பரிதாபம்கூடப் பட்டேன்.

விண்ணப்பம் தேறி, நேர்முகத்துக்கு அழைத்தார்கள். வீடியோவில்தான். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, புத்தகம் இருக்கக் கூடாது, தொடங்குமுன் கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். வீட்டில் நெட் ஒழுங்காக வருவது முன்னறையில்தான். எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கதவைச் சாத்தினேன். பிறகு கேட்டுப் பார்க்கலாம் என்று செல்போனில் ஒலிப்பதிவும் போட்டு வைத்தேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் லின் என்ற பேராசிரியை, வெள்ளை முடி, சிரித்த முகம். லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். சரி என்றார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கத் திராட்சை அறுப்பதைப் பற்றிக் கேட்டார்கள். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உற்சாகமாக ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் லின் கையை உயர்த்தினார்.

"மன்னிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும்."

"நான் மட்டும்தானே பேசுகிறேன்?"

"உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். உங்கள் இரட்டைச் சகோதரியா? அவரை வெளியே போகச் சொல்லுங்கள்."

என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, காலியாக. திரையின் மூலையில் என் படம் தெரிந்த சின்னக் கட்டத்திலும் நானும் காலி நாற்காலியும்தான். நாற்காலியைத் தூக்கிக் காட்டினேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்போது உங்கள் பின்னால் நிற்கிறார்" என்றார் ஓரத்தில் இருந்தவர். அவர் கோபப்படக்கூட இல்லை. சாதாரணமாக, பொட்டு கலைந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். நாற்காலியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன், பின்னால் சுவர்தான் இருந்தது.

லின் நல்ல மனுஷி. "பதற்றப்படாதீர்கள். நாளை இதே நேரம் இன்னொரு வாய்ப்புத் தருகிறோம். தனியாக வாருங்கள். நாளையும் இப்படியென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அப்பா சுருளிவேலும் அம்மாவும் திரும்பி வந்தபோது நான் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் கண் ஓலைப்பெட்டிக்குப் போய் வந்தது. எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"உள்ள என்ன வச்ச?"

"என்னத்த வச்சேன்? ஒனக்கு எடுத்தா அவளுக்கும் எடுக்கணும்ல. போட்டோதான் வச்சேன்."

"யாரு போட்டோ?"

"அவளுக்கு ஏதுடி போட்டோ? ஒரு படங்கூடக் கெடையாதே. அதான் ஒன்னோட கவர்லருந்து ஒண்ண எடுத்து, மாயக்கா, இது ஒனக்குன்னு சொல்லி வச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் முகத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறாள்! பெட்டியை இறக்கி அதை எடுத்துவிடுகிறேன் என்று நாற்காலியை இழுத்தேன். அம்மா குறுக்கே விழுந்து மறித்தாள். "கன்னிக்குக் குடுத்தத எடுத்தா குடும்பம் வௌங்காதுடி!" நான் கத்த, அவள் கத்த, அப்பா மட்டும் தள்ளிப்போய் நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான். பெட்டிக்குக் கும்பிடும் நாளில்கூட எல்லாருக்கும் பின்னால், வாசலோரம் நிற்பார்.

"அதுல என்னத்தா பேசிருக்கன்னு போடு" என்றார் திடீரென்று. செல்போனைக் காட்டினார்.

போட்டேன். என் குரல் ஆங்கிலத்தில் கொடியைப் பற்றி, அதை வெட்டிவிடும் கவாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு குரல். அதுவும் என் குரல்தான். ஆனால் தமிழில், தணிந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டினேன்.

"அண்ணே, இன்னைக்காச்சும் ஸ்டுடியோ தொறந்திருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது கிடையாது. அழத் தெரியாதவர் அழுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"டீச்சர் டிரெய்னிங்குக்கு அப்ளிகேசன் போட்டிருந்தா. போட்டோ ஒட்டணும். கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா" என்றார். "எவன் எவன் கைக்கோ தங்கச்சி போட்டோ போகும்டான்னு கூட்டாளிக சொன்னாய்ங்க. எனக்கும் ரோசம். ஸ்டுடியோ பூட்டிக் கெடக்குன்னு சொன்னேன். மறுநாளும் கேட்டா. அன்னைக்கும் பூட்டித்தான் கெடக்குன்னேன். தெனமும் கேட்டா ஆத்தா. ஒருநாளும் கோவப்படல. கடேசில ஒட்டாமலே தபால்ல போட்டா, திரும்பி வந்துருச்சு. அந்த வருச மழைக்கே காமாலைன்னு படுத்தவதான், எந்திரிக்கல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கே இது தெரியாது.

எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமாக இருந்தது. போட்டோ ஒன்றுதான் அவளுக்குக் குறைவாக இருந்திருக்கிறது. அம்மா அதைக் கொடுத்துவிட்டாள். இனி அவள் விண்ணப்பத்தில் குறையில்லை. நாளைக்கும் என் பக்கத்தில்தான் வந்து உட்காரப் போகிறாள்.

அன்று மூன்று பேரும் முற்றத்தில்தான் படுத்தோம். விடிந்ததும் அப்பா குளித்து, வேட்டி மாற்றி, பெட்டியைக் கொக்கியிலிருந்து இறக்கினார். அவர் அதைத் தொட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"எங்கன கொண்டு போறீக? கன்னி வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது" என்று அம்மா பதறினாள்.

"போக விடாம ஒரு தரம் நான் தடுத்தது போதும்" என்றார் அப்பா. அம்மா வண்டியில் பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் லேப்டாப்பைத் திறந்து தனியாக உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். பிறகு மனசு கேட்காமல் திரும்ப உள்ளே கொண்டுவந்து போட்டேன்.

கம்பத்தில் நடந்ததை அம்மா பின்னால் சொன்னாள். அப்பா பெட்டியை ஸ்டுடியோ ஸ்டூலில் வைத்து, வழியில் வாங்கிய புதுத் தாவணியை அதன் மேல் போர்த்தி, "பாய், என் தங்கச்சிய ஒரு படம் எடுங்க" என்றாராம். கலீல் பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாயக்காள் கேட்ட காலத்தில் அந்த ஸ்டுடியோவை நடத்தியது அவருடைய அப்பா. கேமராவைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். முகம் தெரிந்தால் கேமரா தானாக ஒரு பச்சைக் கட்டம் போடும். பெட்டிக்கு மேலே, வெறும் திரையில், ஆள் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில், அந்தக் கட்டம் விழுந்திருந்தது.

"அசைஞ்சுச்சு சங்கிலியக்கா. தலைய நிமித்துற மாதிரி மேல போச்சு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிஸ்மி சொல்லிவிட்டு எடுத்தாராம்.

அச்சிட்டு வந்த தாளில் எல்லாக் கட்டமும் வெள்ளை. வெறும் திரைதான் விழுந்திருந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒன்றை வெட்டிப் பெட்டிக்குள் வைத்து, "இது ஓம் போட்டோ மாயக்கா. ஸ்டுடியோ தொறந்துதான் இருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

அதே நேரம் வீட்டில், லின் மறுபடி அறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இன்று தனியாக இருக்கிறீர்கள்" என்றார். என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு இனித்த வாக்கியம் வேறில்லை. திராட்சைக்கு வரும் சாம்பல் நோயைப் பற்றி அவர்கள் போதும் என்று சொல்லும்வரை பேசினேன்.

உதவித்தொகை கிடைத்தது. சுரேஷ்கண்ணன் வாய்திறந்து பேசி வாழ்த்துச் சொன்னான், அதுவே பெரிது. அப்பா மட்டும் அந்த வெள்ளைப் போட்டோ ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் தண்ணீர் பாயும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். "அவ மொகம் எனக்கு மறந்து போச்சுத்தா" என்று ஒருநாள் சொன்னார். நான் கிளம்பும்போது இன்னொன்றை என் கையில் கொடுத்தார். "சும்மா கொண்டு போ. அங்கன பைக்குள்ள கெடக்கட்டும்."

செப்டம்பரில் சீனாவுக்கு வந்து சேர்ந்தேன். பதிவு செய்யும் கூடத்தில் நீள வரிசை. முகப்பில் என் வயதில் ஒரு பெண், போட்டோ கேட்டாள். கவரைக் கவிழ்த்தேன். என் படங்களோடு அந்த வெள்ளைத் துண்டும் விழுந்தது. அவள் என் படம் இரண்டை எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்து, அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"இது நீங்கள் இல்லையே. யார் இது?"

எட்டிப் பார்த்தேன். எனக்கு அது வெறும் வெள்ளைத் தாள். பயந்தேன். ஆனால் இந்த முறை ஓடத் தோன்றவில்லை.

"என் அத்தை" என்றேன். "அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள்."

அவள் தலையசைத்து அதை என்னிடம் நீட்டினாள். "அவரிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்துக்கு வைக்கும் படத்தில் சிரிக்கக் கூடாது."

வெளியே வந்து, மரத்தடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். பயணத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அதற்கெல்லாம் பதில் சொல்லாமல், அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது.

"சிரிக்கிறாளாமா?" என்றார் அப்பா.