ரைட் என்றால் நேரே

கண்டக்டருக்கு நாக்கில் சனி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு முந்நூறு தடவை "ரைட், ரைட்" என்று கத்தி வண்டியைக் கிளப்பிய நாக்கு அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா?

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும் மைதானத்தில் அவர் துணை ஓட்டக்காரராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவருக்கு வாய்த்த ஜோடி, பார்வையில்லாத ஒரு டெலிபோன் ஆபரேட்டர். வயது நாற்பது, பேச்சில் படு கெட்டி. ஒரு முழக் கயிற்றின் முனைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். வழியைக் கண்டக்டர் வாயால் சொல்ல வேண்டும். வம்பே அங்கேதான்.

முதல் வாரம் உற்சாகமாக "ரைட், போலாம்!" என்றார். ஆபரேட்டர் சட்டென்று வலது பக்கம் திரும்பி ஓட, இருவரும் நீளம் தாண்டும் மணல் குழியில் போய் விழுந்தார்கள். இரண்டாம் வாரம், உட்கார்ந்து வாலிபால் ஆடுகிறவர்களின் வலை. மூன்றாம் வாரம் பூந்தொட்டிகள். கண்டக்டருக்கு முட்டி பேர்ந்ததுதான் மிச்சம்.

பொறுப்பாளரான பிசியோதெரபிஸ்ட் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "ஓட வந்தீங்களா, ஊர் சுத்திக் காட்ட வந்தீங்களா? அடுத்த ஞாயிறு போட்டி. அன்னிக்கும் பாதையை விட்டுப் போனீங்கன்னா சாருக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். நீங்க தண்ணி பாட்டில் குடுங்க."

பேருந்தில் தினமும் ஆயிரம் பேர் கண்டக்டரை இடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஒருத்தரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆபரேட்டரோ காலடிச் சத்தத்தை வைத்தே "வந்துட்டீங்களாண்ணே?" என்று சிரிப்பார். அதை இழக்கக் கண்டக்டருக்கு மனசே இல்லை.

ஆகவே வாரம் முழுக்கப் பேருந்திலேயே பழகினார். ஆட்கள் ஏறியதும் "நேரா, நேரா!" என்றார். வண்டி அசையவில்லை.

"ரோடு நேராத்தான்யா இருக்கு, எனக்கும் கண்ணு தெரியும்," என்றார் டிரைவர். "வண்டியை எடுக்கவா, வேணாமா?" பின்னால் நாலு பேர், ரிப்பேர் போலிருக்கிறது என்று இறங்கியே போய்விட்டார்கள்.

போட்டி நாள். ஒரே ஒரு சுற்று ஓட்டம். விசில் ஊதியது. "நேரா, நேரா." வளைவில் "இடது." எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எல்லைக்கோட்டுக்கு ஐம்பது அடி இருக்கையில், முன்னால் ஓடுவது ஒரே ஒரு ஜோடி என்று கண்டதும் கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"ரைட்! ரைட்! ரைட்!"

ஆபரேட்டர் வலது பக்கம் பாய்ந்தார். பரிசு மேஜை, விரிப்பு, மைக் எல்லாம் அவர்கள் மேல் கவிழ்ந்தன.

விரிப்புக்குள்ளிருந்து கண்டக்டர் அழாத குறையாகச் சொன்னார்: "மன்னிச்சிடுங்க சார். நான் உங்களுக்கு லாயக்கில்ல. நல்ல ஆளாப் பாத்து ஓடுங்க."

"ஐயோ அண்ணே, நானும் தினம் பஸ்லதான் வேலைக்குப் போறேன். ரைட்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

விழுந்து கிடந்த மைக் இதை மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டது.

"தெரிஞ்சேவா திரும்புனீங்க?"

"ஆறு வருஷமா எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கோட்டு மேலயே கொண்டு போறாங்கண்ணே. நீங்க ரைட்னதும், திரும்பித்தான் பாப்போமேன்னு தோணுச்சு. அந்த மணல் குழி இருக்கே, ஆஹா!"

கண்டக்டருக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வாரமாகத் தன்னையே நொந்துகொண்டது, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் சேர்ந்து பொங்கியது. சாராவது கீராவது! "யோவ், எழுந்திருய்யா! என் முட்டி என்ன உங்கப்பன் வீட்டு முட்டியா?" என்று கத்தி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே ஆபரேட்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஆபரேட்டர் மூச்சு வாங்கச் சிரித்தபடி கூடவே வந்தார்.

"இந்த கிரவுண்டுல இதுவரைக்கும் என்னை ஒருத்தர்கூடத் திட்டினதில்லண்ணே," என்றார். "நிறுத்திடாதீங்க."

கண்டக்டர் நிறுத்தவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதை இருவருமே கவனிக்கவில்லை. விசிலை வாயில் வைத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, ஊதாமலே எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் வளைவு திரும்புகிற அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.