கீழ்த்தளத்து ஏழாம் அறை

எழுபத்திரண்டு மணி நேரம், பதினெட்டு நிமிடம். கீழ்த்தளத்து ஏழாம் அறையில், கேமராத் திரைகளுக்குப் பின்னால் யாரிடமும் சொல்லாமல் அவள் வைத்த சின்ன மானி அவ்வளவு நேரம் காற்றை அளந்திருந்தது. எடுத்து வந்து கணினியில் செருகினாள். தினமும் காலையில் ஏறத் தொடங்கிய கோடு, மாலை நாலு மணிக்கு மூவாயிரத்தைத் தொட்டது. பத்து லட்சம் பங்கு காற்றில் மூவாயிரம் பங்கு கரியமில வாயு. நாலு பேர் விட்ட மூச்சையே அந்த நாலு பேரும் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் மாடி மீட்டிங் அறையில் இதே மானி அறுநூறைத் தாண்டவில்லை.

நாலு பேரில் ஒருத்தி அவளுடைய அக்கா. கட்டிடம் திறந்ததிலிருந்து தினமும் எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பதினாறு திரைகளைப் பார்க்கிறாள். ஐந்து மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. தலைவலி மட்டும் மாறவில்லை.

"உங்க கட்டிடத்துக்கு இலை முளைக்குதுடி. எனக்குக் கண்ணாடிதான் முளைக்குது" என்பாள் அக்கா, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு. இலை என்பது சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்காரர்கள் கொடுக்கும் தரம். அஞ்சு இலை வாங்கிவிட்டால் வாசலில் பித்தளைப் பலகை மாட்டலாம். அதை வாங்கித் தரும் ஆலோசனை அலுவலகத்தில்தான் தங்கைக்கு வேலை. அவளுடைய முதலாளிக்கு இவர்கள் வீட்டில் இலைக்காரர் என்று பெயர்.

வரைபடத்தில் அந்த அறைக்கு ஸ்டோர் என்று எழுதியிருப்பது அக்காவுக்கும் தெரியும். "எழுதின புண்ணியவானை ஒரே ஒரு நாள் என் நாற்காலியில உக்கார வைக்கணும்" என்பாள். தங்கை எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இன்று கடைசிப் பார்வைக்கு மதிப்பீட்டாளர் வருகிறார். காலையிலேயே அந்தக் கோட்டுப் படத்தை அச்செடுத்து இலைக்காரர் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல் பார்த்தார். ஆட்கள் இருக்கும் அறைகளின் பட்டியலில் ஏழாம் அறை இல்லை, பட்டியலில் இல்லாத இடத்தில் மானியை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நாலு பேர் இருக்காங்க, சார்."

"ஸ்டோருக்கு எதுக்கும்மா மூச்சு?" என்று சிரித்தபடி தாளை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவளுக்குக் காது மடல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். எல்லார் மேலும் கோபம் வந்தது. சிரித்தவர் மேல், பளபளவென்று செடி தொங்கவிட்ட வரவேற்பறை மேல், மூன்று பேருக்கு ஒரு ஜன்னல் வைத்த பத்தாம் மாடி மேல். யார் மேல் அதிகம் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மதிப்பீட்டாளர் ஒல்லியான பெண்மணி. அதிகம் பேசாதவர். இலைக்காரரும் அவளும் கூட வர, மழைநீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஏழாம் அறைக் கதவு அட்டைத்துண்டு சொருகித் திறந்திருப்பதைக் கண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு நாற்காலி, நாலு தண்ணீர் பாட்டில், நாலு ஜோடி கண்கள்.

"வரைபடத்துல இது ஸ்டோர்தானே?"

இலைக்காரர் முந்திக்கொண்டார். வரைபடம் போட்ட பையனின் கவனக்குறைவு, வெறும் பெயர்தான் தப்பு, ஒரு வரியில் திருத்திவிடலாம், அவனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். சுவரில் ஓடிய ஏசியைக் காட்டி, காற்றுக்குக் குறையே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார்.

ஏசி, உள்ளே இருக்கிற காற்றையே குளிரவைக்கிற பெட்டி. வெளிக்காற்று ஒரு மூச்சுகூடத் தராது. பெயர் திருத்திக் கையெழுத்தாகிவிட்டால் வெளிக்காற்றுக் குழாய் இருக்கிறதா என்று இனி யாரும் கூரையைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. தங்கைக்கு இது தெரியும். வரைபடக்காரன் மனைவிக்கு இது எட்டாம் மாதம் என்பதும் தெரியும். அக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், பேரு மட்டும் தப்பில்ல."

குரல் கீச்சென்று வந்தது. இலைக்காரர், அவள் புதுசு, ஒன்றும் தெரியாது என்றார். அவள் டம்ளர் வட்டம் பதிந்த அந்தத் தாளை நீட்டினாள். அவர் மேசையிலிருந்து அவளே எடுத்து வந்திருந்தாள்.

"மூவாயிரம், மேடம். இந்த அறைக்கு வெளிக்காத்துக் குழாயே கிடையாது. ஸ்டோர்னு எழுதியிருந்ததால வைக்கல."

"எழுதினது வரைபடக்காரரா?"

"இல்ல. அவர் பேர் போடாம காலியா விட்டிருந்தார். குழாய் எதுவும் வரையல, அப்போ ஆள் இருக்கிற இடமா இருக்காதுன்னு நினைச்சு ஸ்டோர்னு எழுதிட்டாங்க. அறை எதுக்குன்னு தெரியாமத்தான் குழாய்க்காரங்க வரையாம காத்திருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"நினைச்சது யாரு?"

அவள் மதிப்பீட்டாளரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"நான்தான். ஸ்டோர்னு எழுதினது நான்தான், அக்கா."